பனி விழுற நாள்ல அஞ்சாம் கிளாஸ்

டொரோண்டோல அஞ்சாம் கிளாஸ் எடுக்கறேன், ஜனவரி வந்தாலே எனக்கு ரொம்ப புடிச்ச பாடம் ஒண்ணு இருக்கு. கறுப்பு சார்ட் பேப்பர வெட்டி முந்தின நாளே ஃப்ரீசர்ல வச்சிருவேன், பனி கொட்ட ஆரம்பிச்சதும் ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு லென்ஸ் குடுத்து வெளிய கூட்டிட்டு போயிடுவேன். பேப்பர் சூடா இருந்தா பட்டதும் உருகிரும், அதுக்குத்தான் ஃப்ரீசர். மூச்சு பட்டாலும் போச்சு. போன வாரம் ஒரு பொண்ணு ஸ்கார்ஃப மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுட்டு, "மிஸ், ஆறு கை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் குட்டி குட்டியா கிளை"ன்னு சத்தமே வராம சொன்னா, எனக்கு சிலிர்த்துருச்சு.

உள்ள வந்ததும் ஏன் ஆறுன்னு கேப்பாங்க. தண்ணி உறையறப்ப அதோட மூலக்கூறுங்க அறுகோணமா கோத்துக்குது, அதான் காரணம். 1885ல அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல வில்சன் பென்ட்லின்னு 19 வயசு விவசாயி வீட்டுப் பையன் மைக்ராஸ்கோப்ப கேமராவோட மாட்டி தன்னோட மொத பனித்துகள் போட்டோவ புடிச்சாரு, அப்புறம் வாழ்நாள் பூரா 5000க்கு மேல எடுத்தாரு. இத சொன்னா பசங்க கண்ணு விரியும்.

பேப்பர்ல பூ வெட்டறப்பவும் நாலா, எட்டா மடிக்க விடமாட்டேன், பாதியா மடிச்சு பாகைமானி வச்சு 60 டிகிரி அளந்து மூணா மடிக்கணும், கணக்கும் ஆச்சு. கடைசியா ஒரு ஜாடில 10 செ.மீ. பனி அள்ளி ஜன்னலோரம் வச்சிருவோம், எவ்வளவு தண்ணி வரும்னு எல்லாரும் எழுதி வைக்கணும். பாதிப்பேரு அஞ்சுன்னு எழுதுவாங்க. வர்றது கிட்டத்தட்ட ஒரு செ.மீ.தான், மிச்சமெல்லாம் காத்து!