ஊசிப் பெட்டியோடு ஹாஸ்டலுக்கு

என் பையனுக்குப் பதினோரு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து ப்ளஸ் டூ முடியும்வரை ஊசி அவன் அம்மாவின் கையில்தான். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியில் எத்தனை யூனிட் என்று அவள் திருகி வைப்பாள். இவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். திருச்சியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்று ஏதோ தோன்றி, "காலையில் போடுகிற மருந்துக்குப் பேர் என்னடா?" என்று கேட்டேன்.

"நீலக் கலர் பேனாப்பா" என்றான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. புதிதாக வருகிற பையனிடம் முதல் நாளே யாரும் பற்றவைக்கக் கொடுக்க மாட்டோம். இவனை மட்டும் எதையும் பழக்காமல் எப்படி அனுப்புவது? கல்லூரி திறக்க இரண்டரை மாதம் இருந்தது.

முதலில் டாக்டரிடம் போனோம். எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு மட்டும் பேசினார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை. அவன் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வெளியே வந்தவன் கையில் ஒரு தாள். காய்ச்சல், வாந்தி என்று படுத்துச் சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும் என்ற வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு' என்று ஒருமுறை விட்டுவிட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் நாங்கள்.

மறுநாளிலிருந்து எல்லாம் அவன் பொறுப்பு. சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்துக்குத் தகுந்தபடிதான் ஊசி அளவு. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் மெஸ்ஸில் கப் ஏது? அன்னக்கரண்டியால் அளந்து பழகினான். சாயங்காலம் தட்டுவடை செட்டைக் கணக்கில் சேர்க்காமல் தின்றுவிட்டு, மெஷினில் ரத்தச் சர்க்கரை 280-ஐப் பார்த்து விழித்தான். அவன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

ஜூனில் நண்பர்களோடு ஏற்காடு கிளம்பினான். காலையில் ஊசி போட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, பஸ் ஏறிவிட்டான். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவதிலோ பன்னிரண்டாவதிலோ மொத்தத்தையும் வாந்தி எடுத்துவிட்டான். இட்லி வெளியே வந்துவிட்டது, இன்சுலின் உள்ளேயே இருக்கிறது. இப்படி ஒன்று நடக்கும் என்று நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. கை நடுங்க மெஷினில் பார்த்தால் 64. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே சர்க்கரை வேண்டும். அம்மா கொடுத்தனுப்பியது கடலை மிட்டாய்; கடலையில் இருக்கிற எண்ணெய், சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறவிடும். நல்லவேளை, ஒரு நண்பனின் பையில் மாம்பழ ஜூஸ் இருந்தது. மறுபடியும் வாந்தி வராமல் மடக்கு மடக்காகக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தான்: 82. ஒண்டிக்கடையில் இறங்கிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். அவன் அம்மாதான், "விடுங்க, அவனே பாத்துக்கிட்டானில்ல" என்றாள்.

அன்று ராத்திரியே, குளுக்கோஸ் பவுடரை 15 கிராம் பொட்டலங்களாகக் கட்ட ஆரம்பித்தாள். கடலை மிட்டாய் டப்பா அலமாரிக்குள் போனது.

ஹாஸ்டல் படிவத்தில் 'ஏதேனும் நோய் உண்டா' என்று ஒரு கட்டம். "இல்லைன்னு எழுதிடுங்க மாமா, எதுக்கு வம்பு" என்றான் மச்சான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பையன் படிவத்தை வாங்கி, நோயின் பெயர், இரண்டு மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதினான். ஆபீஸில் முதலில் "ரூமில் ஊசியெல்லாம் வைக்கக் கூடாது" என்றார்கள். டாக்டரின் கடிதத்தைக் காட்டி, வார்டனைப் பார்த்து, அரை நாள் போனது. சீல் உடைக்காத பேனாக்களை மெஸ் ஃப்ரிட்ஜில் வைக்க ஒத்துக்கொண்டார்கள். ஃப்ரீஸரை ஒட்டி வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்தால் மருந்து வீண் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் குறுக்கே புகுந்து, "ஞாயித்துக்கிழமை சாவி யார்கிட்டங்க இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

உபயோகத்தில் இருக்கிற பேனா, 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நாலு வாரம் தாங்கும். திருச்சி வெயிலில் அதற்குத்தான் பானை. பெரிய மண்பானைக்குள் சின்னது, நடுவே ஈர மணல், மேலே ஈரத் துணி. தண்ணீர் படாமல் பேனாவை டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். நாமக்கல் வழியாக மூன்று மணி நேரப் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அறைத்தோழர்களிடம் அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். "எனக்கு வியர்த்து, பேச்சுக் குழறினால் குளுக்கோஸ் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் போடுங்கள்" என்று சொல்ல அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வெட்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பானையில் இடமே இல்லை என்று குறைப்பட்டான். அறைத்தோழன் தயிர்ப் பாக்கெட்டையும் அதிலேயே வைக்கிறானாம்.