பொயிலர் தரவும் தொலைந்த அரை மணித்தியாலமும்

இரத்மலானையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் பொயிலர் தரவைக் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. நேரலை அளவீடுகளும் வேண்டும், பல வருடப் பழைய பதிவுகளும் வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளின் தரவைப் பரிமாறும் நியமம் ஓபிசி. அங்கே ஓடிக்கொண்டிருந்தது அதன் பழைய வடிவமான ஓபிசி கிளாசிக். விண்டோஸ் கணினிகளில் உள்ள நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டிகாமை நம்பியிருப்பது அது. 2023 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் டிகாம் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிய பிறகு அதைக் கட்டி இழுப்பதில் பயனில்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளர் போல ஒரு கேட்வே வைத்து, டிகாம் தேவைப்படாத புதிய வடிவமான ஓபிசி யூஏ-வுக்கு மாறினோம். அதோடு பேச, பைத்தான் நிரல்மொழியில் அசிங்க்யூஏ என்ற நிரல் நூலகத்தை எடுத்தேன். ஜாவாக்காரர்களுக்கு எக்லிப்ஸ் மைலோ இருக்கிறது. இரண்டும் இலவசம், காசு கொடுத்து வாங்கும் முன் இவற்றில் கை வைத்துப் பாருங்கள்.

முதல் தடை சான்றிதழ், அதாவது நம் நிரல் யார் என்று சேர்வருக்குக் காட்டும் டிஜிட்டல் அடையாளம். ஓபிசி யூஏ-வுக்கான 4840 போர்ட் திறந்திருக்கும், சேர்வர் பதிலும் சொல்லும், ஆனால் உள்ளே விடாது. நம் சான்றிதழ் அங்கே நிராகரித்தவற்றின் ஃபோல்டரில் கிடக்கும். அதை நம்பகப் பட்டியலுக்கு மாற்றச் சொன்னால் சரி. பாதுகாப்பையே அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தப் பாதையின் மறுமுனையில் பொயிலர் இருக்கிறது.

அப்புறம் நேரலை. "தம்பி, அழுத்தம் ஒரு கணம் விழுந்தது உங்கட திரையில வரேல்லையே" என்றார் அங்குள்ள பொறியியலாளர். சேர்வர் 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அளந்தாலும், ஒரு செக்கனுக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. அனுப்பும் வரை அளவீடுகள் ஒரு வரிசையில் காத்திருக்கும்; அதன் நீளம் 1 என்றால் கடைசி மதிப்பு மட்டுமே வரும். வரிசையை 20 ஆக்கியதும் இடையில் விழுந்ததெல்லாம் வந்தது.

உண்மையான வேலை பழைய பதிவுகளில்தான். யூஏ நேரம் எப்போதும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஆனால் அளவீடுகளைப் பதியும் பழைய லொகர் எழுதிவைத்த கோப்புகள் இலங்கை நேரத்தில் இருந்தன. எல்லாவற்றிலிருந்தும் ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் போதும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் 1996 மின்சார நெருக்கடியில் நாடு கடிகாரத்தை முன்தள்ளியதும், 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரைக்கு வந்ததும் கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1996 ஒக்டோபர் கடைசியிலிருந்து அந்த நாள் வரையான பதிவுகளுக்கு ஆறு மணித்தியாலம் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் பிசகும். பைத்தானில் ஆசியா/கொழும்பு நேரவலயத்தைக் கொடுத்தால் இந்த வரலாறு அதிலேயே இருக்கிறது. கடிகாரம் பின்சென்ற அந்த இரவில் ஓர் அரை மணித்தியாலம் இரண்டு முறை வரும். புத்தாண்டு விடுமுறை என்பதால் பொயிலர் அணைந்திருந்தது, எங்களுக்கு அது சிக்கலாகவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு மதிப்போடும், அதை நம்பலாமா என்று சொல்லும் ஒரு நிலைக்குறி வருகிறது. அதை உதறிவிட்டு எண்ணை மட்டும் சேமிக்காதீர்கள். சென்சர் கம்பி அறுந்தாலும் 0 வரலாம், பொயிலர் நின்றாலும் 0 வரலாம். குறி மோசம் என்று சொன்ன இடங்களை வரைபடத்தில் வெறுமையாக விட்டோம். இப்போது அந்தப் பொறியியலாளர் இடைவெளியைக் கண்டால் முதலில் கம்பியைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்.