சிவப்பா, ஆரஞ்சா

பிப்ரவரி 9, 2026

ரூபிக்ஸ் க்யூபைத் தானே சேர்க்கும் ரோபோ, அதுதான் எங்கள் காலேஜ் ப்ராஜெக்ட். இன்று அதன் ஆறு மோட்டாரும் சுற்றின. க்யூப் மாட்டாமல், சும்மா காற்றில். அதற்கே டீமில் இருக்கும் செ. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான்.

பிப்ரவரி 11

க்யூபின் நடுத்துண்டு மூடிகளை நெம்பி எடுத்தாயிற்று. ஆறு முகத்துக்கும் நடுவில் இப்போது ஓட்டை. அதற்குள்தான் மோட்டார் ஷாஃப்டையும் க்யூபையும் இணைக்கும் கப்ளர் போய் உட்கார வேண்டும். 3டி பிரிண்டரில் அடித்த முதல் கப்ளர் லொடலொட. இரண்டாவது நுழையவே இல்லை. மூன்றாவதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், ஒரு தேய், ஒரு பொருத்திப் பார்ப்பு, இன்னொரு தேய். மூன்று மணி நேரத்தில் ஒரு முகம். மெஸ் மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 13

முதல் ரிவ்யூ. அல்காரிதம் நீங்களே எழுதினதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை சார், கோசியெம்பா என்று ஜெர்மனியில் ஒரு கணக்கு வாத்தியார், 1992 இல் கண்டுபிடித்த முறை, ரெடிமேட் புரோகிராமாகவே கிடைக்கிறது என்றேன். "அப்ப நீங்க மூணு பேரும் என்னதான் பண்றீங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. டீமில் மூன்றாவது ஆளான கா. தான் பேசினாள். எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பலுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010 இலேயே நிரூபித்துவிட்டார்கள் சார், அந்தப் பக்கம் வேலை முடிந்துவிட்டது. இந்த 20 திருப்பலைத் தப்பில்லாமல் திருப்புவதுதான் எங்கள் ப்ராஜெக்ட் என்றாள். கேமரா கண்ணும் மோட்டார் கையும் என்று இரண்டு விரலைக் காட்டினாள். இது எங்கள் ப்ராஜெக்ட் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 16

பவரை அணைக்காமல் மோட்டார் வயரைப் பிடுங்கினேன். மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டு போச்சு. வாசனை இன்னும் சட்டையில் இருக்கிறது.

பிப்ரவரி 17

ரிச்சி ஸ்ட்ரீட். டிரைவர் நான்கு வாங்கினேன். ஒன்று போனதற்கு, மூன்று என் கைராசிக்கு.

பிப்ரவரி 21

அம்மா போன். அப்பத்தாவின் கண்புரை ஆபரேஷனுக்கு மார்ச் 5 என்று தேதி கொடுத்துவிட்டார்களாம். வலது கண் முதலில். நான் வரவா என்றேன். "நீ வந்து என்ன பண்ணப்போற, படிக்கிற வேலையப் பாரு."

சரி.

பிப்ரவரி 24

சிவப்பும் ஆரஞ்சும். மூன்று நாளாக இதே. பத்து மணிக்கு ஜன்னல் வெயிலில் சரியாகப் படித்த கேமரா, சாயந்திரம் டியூப்லைட் போட்டதும் ஆரஞ்சையெல்லாம் சிவப்பு என்கிறது. அதற்கேற்ப எண்களை மாற்றினால் மறுநாள் காலை சிவப்பெல்லாம் ஆரஞ்சு. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்தேன். எக்ஸ்போஷரைப் பூட்டினேன். கொஞ்சம் தேவலாம், ஆனால் நிழல் விழும் மூலையில் பழைய கதை. நிறத்தை எண்ணாக்கினால் அது ஒரு வட்டம். கேமரா படத்தைப் படிக்க நாங்கள் வைத்திருக்கும் ஓப்பன்சிவி புரோகிராமில் 0 முதல் 179 வரை. சிவப்பு அந்த வட்டம் சேருகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு கட்டம் 2 என்கிறது, பக்கத்துக் கட்டம் 178 என்கிறது, இரண்டும் ஒரே சிவப்பு. ஆரஞ்சு அதற்கு அடுத்த வீடு. நடுத்துண்டுகள் இடம் மாறாதவை, அவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் நடுத்துண்டில் நிறமா இருக்கிறது? கப்ளர் அல்லவா இருக்கிறது. கேமரா பார்க்கும் கட்டம் 54 இல்லை, 48.

ராத்திரி மெஸ்ஸில் தக்காளிச் சட்னியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். செ. சிரித்தான்.

பிப்ரவரி 25

ஆரஞ்சு.

மார்ச் 1

அமெரிக்காவின் எம்ஐடி பசங்கள் 2018 இல் 0.38 விநாடியில் முடித்த அந்த ரோபோவுக்கும் இதே தலைவலி. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஆரஞ்சுக் கட்டங்களைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டார்கள். அவ்வளவுதான். செ. உடனே பையிலிருந்து மார்க்கரை எடுத்துவிட்டான். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டான். பதில் இல்லை, ஆனாலும் விடவில்லை. எட்டு நாள் இதோடு மல்லுக்கட்டியாயிற்று, இப்போது பூசினால் என்ன அர்த்தம்?

அங்கேயே பர்டூ பல்கலைக்கழக மாணவர்கள் போன வருடம் 0.103 விநாடி. நமக்கு 14 விநாடி. அதுவும் முடிகிற அன்றைக்கு.

மார்ச் 5

போன் வரும் வரை எதுவும் செய்யவில்லை. கப்ளர்களை வெறுமனே துடைத்தேன். 12.40க்கு அப்பா பேசினார். நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 6

கட்டைப் பிரித்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கு எப்படா வெள்ளையடிச்சீங்க?"

வெள்ளையடித்து ஆறு வருடம் ஆகிறது. அத்தனை நாளும் அவளுக்குச் சுவர் மஞ்சள். இடது கண்ணை மூடிப் பார்த்து, வலதை மூடிப் பார்த்து, இதுல ஒரு கலரு அதுல ஒரு கலரு என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுந்து லேப்புக்குப் போய்விட்டேன். இது எவ்வளவு, அது எவ்வளவு என்று தனித்தனியாக எல்லை போட்டுக்கொண்டிருந்தது மடத்தனம். சிவப்பில் எட்டு, ஆரஞ்சில் எட்டு, அது எந்த வெளிச்சத்திலும் மாறாது. சந்தேகக் கட்டம் பதினாறையும் வரிசையில் நிறுத்து, 178ஐ மைனஸ் 2 என்று வைத்துக்கொள், முதல் எட்டு சிவப்பு, மிச்சம் ஆரஞ்சு. பதினொரு வரி புரோகிராம். ராத்திரி இரண்டு மணிக்கு டியூப்லைட்டில் இருபது முறை படித்தது, இருபதும் சரி.

கா.வை எழுப்பியிருக்கக் கூடாது.

மார்ச் 9

வேகத்தைக் கூட்டினோம். ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் இந்த மோட்டாருக்கு 50 ஸ்டெப் என்றால் 90 டிகிரி. தடுமாறினால் ஒன்றிரண்டாகத் தவறாது, நாலு நாலாகத் தவறும்; நாலு ஸ்டெப் 7.2 டிகிரி. ஒருமுறை என்றால் க்யூப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் மூலைத்துண்டு இடித்து, வெடித்து, துண்டுகள் பீரோவுக்கு அடியில். பொறுக்கிச் சேர்த்தோம். சேர்த்தது செ.

மார்ச் 10

திருப்பல்களைக் கணக்குப் போடும் சால்வர் மறுக்கிறது. இப்படி ஒரு க்யூப் இருக்கவே முடியாது என்கிறது. மறுபடியும் சிவப்பு ஆரஞ்சா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. விளக்கை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன், என் பதினொரு வரியைப் பதினொரு முறை படித்தேன். மதியம் சாப்பிடவில்லை. கடைசியில் டார்ச் அடித்து 48 கட்டத்தையும் நானே படித்துத் தாளில் எழுதினேன். கேமரா சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றே. ஒரு கட்டம்கூட மாறவில்லை.

அப்போதும் புரியவில்லை எனக்கு. கா. வந்து, நேற்று இதைச் சேர்த்தது யார் என்று மட்டும் கேட்டாள்.

துண்டுகளைக் கண்டபடி சேர்த்தால் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் முடிக்கக்கூடிய க்யூபாக வரும். செ. ஒரே ஒரு மூலையைத் திருப்பி மாட்டியிருந்தான். நிறங்களின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், ஆனால் சாமியே வந்தாலும் முடிக்க முடியாது. இந்த ஒரு முறை கேமராமேல் தப்பே இல்லை, ஒரு நாள் முழுக்க அதைத் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 14

9.2 விநாடி.

மார்ச் 15

8.8. மோட்டார் சூட்டில் பிரிண்ட் பண்ணிய ஸ்டாண்டு மெழுகு மாதிரி சாய்கிறது. ஸ்டாண்டின் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும் என்று கைடு முதல் நாளே சொன்னார். வேறு பிளாஸ்டிக்கில் ஆறையும் திரும்ப அடிக்க வேண்டும்.

மார்ச் 19

அப்பத்தாவுக்கு இடது கண்ணுக்கும் தேதி. ஏப்ரல் 2. அவளே பேசினாள். சீக்கிரம் பண்ணச் சொல்லுடா, ஒரு கண்ணு மஞ்சளா இருக்கிறதப் பாத்தா இப்பத்தான் எரிச்சலா வருது என்றாள்.

மார்ச் 26

நாளை இரண்டாவது ரிவ்யூ. சாயந்திரம் முப்பது முறை ஓட்டினோம், முப்பதும் முடித்தது. இப்போது கதவைப் பூட்டப் போனால் எலக்ட்ரீஷியன் ஏணியோடு நிற்கிறார். லேப்பில் எல்லா டியூப்லைட்டையும் எடுத்துவிட்டு எல்ஈடி போடுகிறாராம். யாரைக் கேட்டு?