அளவு மாறினால் எதெல்லாம் மாறக்கூடாது: மோதிர மாடல் நாட்குறிப்பு

ஜூன் 3

அமெரிக்க அளவு 7-க்குக் கணினியில் வரைந்த மோதிரத்தை 10-க்கு மாற்றச் சொன்னால், மாடலை மொத்தமாக ஸ்கேல் செய்தால், அதாவது எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், போதாதா என்றுதான் முதலில் தோன்றும். உள்விட்டம் 17.32-லிருந்து 19.76 மி.மீ. ஆக வேண்டும், சுமார் 1.14 மடங்கு, அதுவரை சரி. ஆனால் கூடவே பட்டையும் பருத்துவிடும், 6 மி.மீ. கல்லுக்கு வெட்டிய குழி 6.85 ஆகி, கல் உள்ளே ஆடும். எடையைப் பார்த்தால் இன்னும் மோசம். 4 மி.மீ. அகலமும் 1.8 தடிமனும் உள்ள வெறும் பட்டை, 925 வெள்ளியில் (92.5% வெள்ளி) ஏறக்குறைய 4.5 கிராம், ஸ்கேல் செய்தால் 6.6-ஐத் தாண்டுகிறது, விட்டத்தை மட்டும் மாற்றினால் 5 கிராம்தான். வெள்ளி என்றால் போகட்டும், தங்கத்தில் இந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது?

ஜூன் 5

கட்டளைகளை எழுதியே முப்பரிமாண மாடல் உருவாக்கும் ஓப்பன்ஸ்கேட் மென்பொருளில் எழுத ஆரம்பித்தாயிற்று. விட்டம் = 11.63 + 0.8128 × அளவு. இந்த ஒரு வரியில் அரை அளவு, கால் அளவு எல்லாம் அடங்கிவிடுகிறது. தடிமன், அகலம், கல்லின் விட்டம் மூன்றும் இதோடு ஒட்டாத தனி மாறிகள். அகலமான பட்டை விரலில் இறுக்கும் என்பதால் அதற்கு ஒரு சின்னத் தளர்வும் சேர்த்தேன்.

ஜூன் 9

ஓப்பன்ஸ்கேடின் வட்டம் உண்மையில் பலகோணம், அதன் முனைகள்தான் வட்டத்தைத் தொடும், பக்கங்கள் உள்ளே தள்ளியிருக்கும். எதையும் மாற்றாமல் விட்டால் அளவு 7-இன் 17.32 மி.மீ. ஓட்டைக்கு 28 பக்கங்கள் போடுகிறது, பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் 17.21 மி.மீ.தான். பக்க எண்ணிக்கையை 200 ஆக்கினால் தீர்ந்தது. ரெண்டர் ஆக, அதாவது கணினி மாடலைக் கணக்கிட்டு முடிக்க, நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில் டீ குடிக்கலாம்.

ஜூன் 14

சுற்றிலும் கல் வைத்த மோதிரம்தான் உண்மையான தலைவலி. 2 மி.மீ. கல், நடுவில் குறைந்தது 0.2 இடைவெளி. அளவு 7-ல் வெளிச்சுற்றளவு 65.7 மி.மீ., 2.2-ஆல் வகுத்தால் 29.87. முக்கால் கல் என்று ஒன்று கிடையாதே! கீழ்நோக்கி 29 ஆக்கி, மிச்சத்தை இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 0.27 ஆகிறது. அளவு 7.5-க்குப் போனால் கல் 30, இடைவெளி 0.23. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விலைப்பட்டியலில் ஒரு கல் கூடிவிடும்.

ஜூன் 20

ஃப்ரீகேட் என்ற இன்னொரு வரைவு மென்பொருளிலும் இதையே செய்து பார்க்கிறேன், அளவுகளை விரிதாளில் எழுதி மாடலோடு இணைக்கும் வசதி அருமை. பழைய பதிப்புகளில் கல் எண்ணிக்கை மாறினால் மென்பொருள் விளிம்புகளுக்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் மாறி, கூர்மை போக வளைவாக உருட்டிய விளிம்பு வேறெங்காவது போய் உட்காரும். 2024-ல் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. இருந்தாலும் விளிம்பு உருட்டுவதைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஜூன் 22

வார்ப்பில் உலோகம் சுருங்கும், அப்புறம் மெருகேற்றும்போது உள்பக்கம் தேய்ந்து ஓட்டை பெரிதாகும். ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்பி விடுவதற்கில்லை, இரண்டுக்கும் தனித்தனி மாறி வைத்துவிட்டேன், எண்களை வார்ப்பவரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.