குமிழியின் அளவு

கல்லடியில் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். நான் கணினியில் கட்டிப் பார்க்கும் பயோரியாக்டர், அதாவது உயிர்க்கலங்களை வளர்க்கும் கொள்கலன், நிற்பது ஐரோப்பாவில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில். 2000 லீட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பை அது. உருக்குத் தொட்டிக்குள் விரித்து வைத்திருப்பார்கள். காமாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டு வரும். ஒருமுறை கலங்களை வளர்த்து மருந்துப் புரதத்தை எடுத்ததும் பையை அகற்றிவிட்டுப் புதியதைப் போடுவார்கள். கழுவல், ஆவியடித்தல் எல்லாம் மிச்சம்.

உள்ளே வளர்பவை சீன ஹம்ஸ்டரின் சூலகத்திலிருந்து வந்த கலங்கள். 37 பாகைச் சூட்டில், காற்றுப் படும் ஒரு லீட்டர் தண்ணீரில் 7 மில்லிகிராம் ஒட்சிசன்கூடக் கரையாது. கலங்கள் நெருக்கமாகப் பெருகிவிட்டால் அது சில நிமிடங்களுக்குத்தான் காணும்.

இதை நான் படித்து அறிவதற்கு முன்பே கண்டிருக்கிறேன். வாவிக்கரையில் மாமாவுக்கு இறால் குளம் இருந்தது. ஒருநாள் இரவு காற்றடிக்கும் மோட்டார் நின்றுவிட்டது. விடியப்புறம் போனால் இறால் எல்லாம் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கின்றன. "காத்து இல்ல மனே, அதான் மேல வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு மாமா அப்படியே வரம்பில் குந்திவிட்டார். இன்றைக்கும் திரையில் ஒட்சிசன் குறைந்த இடம் நீலமாகத் தெரிந்தால் எனக்கு அந்தக் குளம்தான் நினைவுக்கு வரும்.

பைக்குள் காற்றைக் குமிழியாகத்தான் விடுவார்கள்; அதை அதிகமாக விட்டாலும் ஆபத்து. குமிழி மேற்பரப்பில் வெடிக்கும்போது பக்கத்தில் உள்ள கலங்கள் கிழிந்துபோகும். உள்ளே கலக்கும் துடுப்பை மெதுவாகச் சுற்றினால் கலப்பது போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேட வேண்டும். அதற்காகப் பையைப் பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரோட்டத்தைக் கணினி கணக்கிடுகிறது.

முதல் வேலையில் என் கணக்குச் சொன்ன, ஒட்சிசன் கரையும் வேகத்தில் பாதிதான் அங்கே அளந்தபோது வந்தது. இரண்டு கிழமை கட்டங்களை இன்னும் சிறிதாக்கினேன், சமன்பாட்டை மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒரு கூட்டத்தில், பைக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் பெண் ஒருவர் சொன்னார்: நுரையை அடக்கும் மருந்து ஊற்றிய பிறகுதான் அவர்கள் அளந்திருக்கிறார்கள். அந்த மருந்து சிறு குமிழிகளை ஒன்றோடொன்று சேர வைக்கும். குமிழியின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே அளவு காற்றுக்குத் தொடுபரப்புப் பாதியாகிவிடும். நானோ சுத்தத் தண்ணீருக்குரிய குமிழி அளவைப் போட்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

இப்போது கணக்கைத் தொடங்குமுன் அவரிடம்தான் முதலில் பேசுவேன்: தண்ணீரில் என்னென்ன சேர்த்தீர்கள், எப்போது சேர்த்தீர்கள், குமிழியைக் கண்ணால் பார்த்தீர்களா? போன மாதம் அவர் தொட்டியின் கண்ணாடி வழியாக எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார். அதை நிறுத்தி நிறுத்திக் குமிழிகளை அளந்தேன். இப்போது கணக்கும் அளவீடும் நன்றாக ஒத்துவருகின்றன. பையின் அடியில் மடிப்பு விழும் மூலை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கிழமை அந்த மடிப்பையும் வரைந்து ஓட்டிப் பார்க்கிறேன்.