வாசலிலேயே நின்றுபோன சக்கர நாற்காலி

போன ஞாயிறு அக்கா மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். பைக் நுழையக் கூடாதென்று வாசலில் நட்டிருந்த இரும்புக் குழாய்களுக்கு நடுவே நாற்காலி போகவில்லை, காவலாளி அண்ணன் ஒரு கை கொடுக்க, தூக்கித்தான் உள்ளே வைத்தோம். ஊஞ்சலைச் சுற்றி முழுக்க மணல். முன்சக்கரம் இரண்டும் புதைந்து அப்படியே நின்றுவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, மற்ற பிள்ளைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்னையில் இதெல்லாம் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி சாந்தோமில் மாநகராட்சியே பூங்கா அமைத்திருக்கிறது. மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போகும்படி கடலுக்குப் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள் (அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட்டது, அது வேறு கதை). ஆனால் விளையாட்டுத் திடல் தெருமுனையில் இருக்க வேண்டியது, ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய இடமா? ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளத்தில் சாய்தளம், மணலுக்குப் பதில் ரப்பர் தரை, முதுகு சாய்த்து பெல்ட் போட்டுக்கொள்ள ஒரு ஊஞ்சல். சரி, அதெல்லாம் மெதுவாக வரட்டும். கவுன்சிலருக்கு எழுதும் மனுவில் முதலில் அந்தக் குழாய்களில் ஒன்றைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.