பாலாற்று நாயும் கோடியக்கரை மானும்

16.1.2025, வியாழன், காட்பாடி

காணும் பொங்கலுக்கு ஊரே ஏலகிரிக்கும் அமிர்திக்கும் கிளம்பிக்கொண்டிருக்க, நாங்கள் நாளை கோடியக்கரைக்குப் புறப்படுவதென முடிவாயிற்று. சிக்கல் மணிதான். நாள்தோறும் பாலாற்று மணலில் ஓடிப் பழகிய அந்த நாய் எங்களை விட்டு ஒரு நாளும் இருந்ததில்லை. வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "காரில் கூட்டிப் போங்க தம்பி, ஆனால் சரணாலயத்துக்குள்ளே சங்கிலியோடுகூட விடமாட்டாங்க" என்றார். சங்கிலி போட்ட நாயால் என்ன கேடு வந்துவிடும் என்று எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது.

17.1.2025, வெள்ளி, வேதாரண்யம்

திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று சுற்றி வந்து சேர இருட்டிவிட்டது. விடுதிக்காரர் மணிக்குப் பின்கட்டுத் திண்ணையை ஒதுக்கினார்.

18.1.2025, சனி, கோடியக்கரை

மணிக்குத் துணையாக மனைவி விடுதியில் இருந்துகொள்ள, நான் மட்டும் போனேன். வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட காடு இது. புல்வெளியில் முறுக்குக் கொம்புடன் கருத்த ஆண் ஒன்றும், அதைச் சுற்றிப் பழுப்பு நிறப் பிணைகளும் மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, எந்தக் காலத்திலோ வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகள், மானுக்குரிய புல்லில் பங்கு கேட்டு நின்றன. அப்போது புதரோரம் ஊர்நாய் ஒன்று தலைகாட்டியது. அது குரைக்கவில்லை, துரத்தவும் இல்லை. ஆயினும் அத்தனை மான்களும் ஒரே நேரத்தில் தலை தூக்கின, காதுகள் விறைத்தன, மறுகணம் புல்வெளி காலியாகிவிட்டது. நேற்று முன்தினத்து எரிச்சலுக்கு அதுவே பதில்.

வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கடற்கரையைக் காட்டி, பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டை வரை இடும் என்றும், விடிவதற்குள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்காவிட்டால் நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடும் என்றும் சொன்னார். நாய் கடிக்கவே வேண்டியதில்லை, நோயைக் கொடுத்தாலே போதும்: 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்களைக் கொன்ற டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், சுற்றுவட்டார ஊர்நாய்களிடமிருந்து போனதுதான். மணிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன். ஆனால் வாசலில் நிற்பவர் ஒவ்வொரு நாயின் தடுப்பூசி அட்டையையுமா புரட்டிக்கொண்டிருக்க முடியும்?

19.1.2025, ஞாயிறு, வேதாரண்யம்

இன்று மனைவியின் முறை. நானும் மணியும் உப்பளத்தோரம் நடந்துவிட்டு வந்தோம். பூநாரைகள் வெகு தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன என்ற குறையோடு அவள் நண்பகலில் திரும்பினாள். குதிரைச் சாணம் ஒட்டியிருந்த அவளுடைய செருப்பை மணி நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தது.